விலக்குக் கடிதம்

சின்னக் கடைக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று சொல்லும் கடிதத்துக்கு முப்பது வெள்ளி கட்டணம். பழைய லைசென்ஸுக்கு இருபத்தைந்துதான். நான்கு மாதமாக முகப்பு மேசையில் உட்கார்ந்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எங்கள் கட்சி ஜெயித்ததும் அரசாங்கத்தைச் சிறிதாக்கவென்று திறந்த கட்டணக் குறைப்புப் பிரிவு இது. பதினாறு பேர் வேலை செய்கிறோம்.

இன்று காலை மங்களம் அக்கா வந்தார். பாயா ரும்புட் பகுதியில் தன் வீட்டு வாசலில் அப்பம் சுட்டு விற்பவர். கடிதம் இல்லையென்று அவருடைய அடுப்பையும் மேசையையும் நேற்று அதிகாரிகள் லாரியில் ஏற்றிப் போய்விட்டார்கள்.

"லைசென்ஸ் வேணாம்னு சொல்ற லெட்டருக்கு லைசென்ஸவிட காசு ஜாஸ்தியா? நல்லா இருக்குலா ஒங்க கவர்மெண்டு!"

ஒங்க. அந்தச் சொல் என்னை உட்கார விடவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். தேர்தலின்போது கட்சிச் சட்டையோடு அவர் வீட்டுக்குப் போனவள் நான்தான். "நாங்க வந்தா சின்னக் கடைக்கு லைசென்ஸே கெடையாதுக்கா, இனிமே புதுப்பிக்காதீங்க" என்றேன். அன்று முழுமனதோடு நம்பினேன். பிறகு இந்த வேலை கிடைத்தது. அதோடு அந்த நம்பிக்கையை எடுத்துப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

பொருள்களைத் திரும்பக் கேட்கும் மலாய் மொழிப் பாரத்தை நிரப்ப அக்காவுக்கு வராது. வழக்கம்போல நானே நிரப்பினேன். கடிதம் பெறாததற்குக் காரணம் கேட்கும் இடத்தில் பேனா நின்றது. மறதி என்றால் இருநூறு வெள்ளி அபராதம். தவறான தகவல் என்றால் அபராதமில்லாமல் பொருள்கள் திரும்பும். ஆனால் தகவல் சொன்னவர் பெயரைக் கொடுக்க வேண்டும்.

"மறந்துட்டேன்னு எழுது பவானி."

"அபராதம் வரும்க்கா."

"லாரியில வந்தவனே அபராதம், பேரு எல்லாம் சொல்லிட்டான். ஒம் பேர நான் குடுக்கவா? வேல போயிரும் பிள்ள."

மேலாளரின் கண்ணாடிக் கதவு திறந்து மூடியது. அக்கா காப்பாற்ற நினைப்பது என்னையா, இந்த நாற்காலியையா? இரண்டும் ஒன்றுதான் என்று எப்போதிருந்து நினைக்க ஆரம்பித்தேன்?

எழுதினேன். பவானேஸ்வரி, என் முழுப்பெயர். கூடவே என் ஐசி அடையாள அட்டை நம்பரையும்.

"மறந்துட்டேன்னு எழுத இம்புட்டு நேரமா?"

"கையெழுத்துப் போடுங்கக்கா."

போட்டார். பாரத்தை மேலாளரின் கோப்புத் தட்டில் வைத்துவிட்டு வந்தேன்.

"வெள்ளிக்கெழமை வந்து அடுப்ப எடுத்துக்குங்க."

"அபராதம் எங்க கட்டணும்?"

"கட்ட வேணாம்க்கா."

அக்கா என்னையே பார்த்தார்.

"அடிப்பாவி" என்றார்.