இடது பின்சக்கரம்

விழுப்புரத்தில் வாடகைக் கார் ஓட்டிய ராயப்பனுக்குப் பொய் சொல்ல வராது. அந்தப் பங்குனியில் மட்டும் ஒன்று வந்தது. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் ஜெயத்தைத் திண்டிவனத்தில் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விடவேண்டிய சமயம். ராயப்பனுடையது பெண்டாட்டி செத்துப்போன வீடு. ஜெயமும் குழந்தையும் போய்விட்டால் அப்புறம் அடுப்பில் பூனைதான் தூங்கும்.

"பின்சக்கரத்துல ஆட்டம் இருக்குது. பேரிங் மெட்ராஸ்லேர்ந்து வரணும். சண்டை காலத்துல எங்க கெடைக்குது?" என்று வாரா வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். பல கை மாறி வந்த பழைய கார் என்பதால் யாரும் மறுத்துப் பேசவில்லை. சக்கரம் நன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்தாரே தவிர, அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

ஒருநாள் மருமகன் இருதயராஜே வந்து நின்றான். திண்டிவனம் ஸ்டேஷனில் அவனுக்கு வேலை.

"கார் ஆவாதுன்னா ரயில்லயே கூட்டிக்கினு போறேன் மாமா."

ராயப்பன் அவசரமாக யோசித்தார். போவது போகட்டும், காரிலாவது கொண்டுபோய் விடலாம். வழியெல்லாம் பேசிக்கொண்டு போகலாம், விக்கிரவாண்டியில் நிறுத்திக் காபி வாங்கித் தரலாம். அந்த ஒரு பயணமாவது அவருக்கு வேண்டும்.

"அதெல்லாம் சரி பண்ணிட்டேன் மாப்ள. ஜல்தி கெளம்புங்க, நானே வுடுறேன்."

"எப்பப்பா பண்ண? நான் பாக்கலியே," என்றாள் ஜெயம். "கைக்கொழந்தைய வெச்சிக்கினு போறோம். ஜாக்கி போடு, ஒரு தபா பாத்துடலாம்."

தாய் இறந்ததிலிருந்து இந்த வேலைக்கு ஜெயந்தான் கூட்டு. முன்சக்கரத்துக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தி, பின்பக்கத்தைத் தூக்கியதும் அவர் டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுவார். அவள் அடியில் குனிந்து, சக்கரத்தோடு சுற்றும் டிரம்முக்கும் பின்னால் சுற்றாமல் நிற்கும் தகட்டுக்கும் நடுவில் விரல் வைத்திருப்பாள். இரண்டும் சேர்ந்து ஆடினால் வண்டியைத் தாங்கும் வில்லுப்பட்டையில் தளர்வு. டிரம் மட்டும் ஆடினால் பேரிங் போச்சு.

வலது சக்கரம் அசையவில்லை. இடதுபக்கம் வந்து டயரை அழுத்தியதும் உள்ளங்கையில் 'டொக்' என்று ஓர் அடி விழுந்தது. சொன்ன பொய் எப்போது உண்மையானது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆட்டியும் ஆட்டாமலும் மெல்ல அசைத்தார்.

"ஆடுதா?" ஆடல என்று சொல்லமாட்டாளா என்ற நப்பாசை.

"நல்லா ஆட்டுப்பா."

மருமகன் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ராயப்பன் நன்றாகவே ஆட்டினார்.

"தகடு நிக்குது, டிரம் மட்டும் ஆடுது. பேரிங்தான்." ஜெயம் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நீ மொதல்ல சொன்னது நெசந்தாம்பா. என்ன அனுப்ப மனசில்லாம சாக்கு சொல்றியோன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

அவர் ஜாக்கியை இறக்கினார்.

மத்தியான ரயிலில் போய்விட்டார்கள். பெட்டி நிறையப் பட்டாளத்துக்காரர்கள். ஜன்னலில் ஜெயத்தின் முகம்கூடத் தெரியவில்லை.

பேரிங் வைகாசியில் வந்தது. மாட்டி முடித்து, டயரைப் பிடித்து ஆட்டி, "ஆடுதா?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டார். ஜெயம் குனிந்த இடத்தில் போய்க் குனிந்து அவரே விரல் வைத்தார். இப்போது ஆட்ட ஆளில்லை. சக்கரம் சும்மா நின்றது. விரலை எடுக்காமல் அங்கேயே உட்கார்ந்தார். அழுகை வந்தது, அழுதார்.