ஜீவரத்தினம் அண்ணை பந்தை எறிந்த விதம்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஜீவரத்தினம் அண்ணைதான் எழுதச் சொன்னார். முடிவையும் அவரே சொல்லித் தந்துவிட்டார். முடிவு கையில் இருந்தால் பாதிக் கதை முடிந்த மாதிரி என்று நினைத்து ஓம் என்றேன். நான் மரக்கறிக் கிடங்கில் பெட்டி இறக்குகிறவன். பெட்டியை எங்கே வைக்க வேண்டும் என்று முதலே தெரிந்தால் தூக்குவது சுகம். கதை அப்படியில்லை என்பது சில ஞாயிற்றுக்கிழமைகள் வீணாய்ப் போன பிறகுதான் விளங்கியது.

முதல் தொடக்கம்: "இலண்டன் மாநகரின் கீழ்வானில் கதிரவன் தன் பொற்கரங்களை" (நிறுத்திவிட்டேன். அன்று வானம் ஒரே மப்பு.)

இரண்டாவது தொடக்கம்: "ஜீவரத்தினம் ஒரு பேஸ்போல் பக்தர்." இதில் பொய் இல்லை. வைத்துக்கொள்கிறேன்.

2

லண்டன் கிங்ஸ்பரியில் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் கிரிக்கெட்தான். அண்ணை விதிவிலக்கு. கிடங்கில் பின்னேர ஷிப்ட் முடித்து அவர் நடுச்சாமத்தில் வீட்டுக்குப் போகும்போது நேரடியாக நடக்கிற ஆட்டம் அமெரிக்காவில் மட்டும்தான் இருக்கும். மனைவி பிறேமினி அக்கா எழும்பிவிடுவா என்று சத்தத்தை நிறுத்திவிட்டு, ஒன்றும் விளங்காமல் பார்த்து, பிறகு விளங்கிப் பார்த்து, கடைசியில் நீலத் தொப்பி அணிக்கு ஆளாகிவிட்டார்.

(அணிகளின் பெயரை எழுதவில்லை. ஒன்று நீலத் தொப்பி, எதிரி சிவப்புத் தொப்பி. இது போதும்.)

அந்த நீலத் தொப்பிகள் லண்டனுக்கே விளையாட வருகிறார்கள் என்றதும் அண்ணை மூன்று டிக்கெட் எடுத்தார். ஒன்று தனக்கு, ஒன்று பிறேமினி அக்காவுக்கு, மூன்றாவது படம் எடுப்பதற்காக எனக்கு. என்ன படம்? அதைச் சொன்னால்தான் கதை நகரும். பேஸ்போலில் கூட்டத்துக்குள் விழும் பந்து, பிடித்தவருக்கே சொந்தம். வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அண்ணைக்கு அது ஒன்றுதான் வேண்டும். சாமித் தட்டில் பிள்ளையாரைக் கொஞ்சம் தள்ளி வைத்து ஏற்கனவே இடம் எடுத்துவிட்டார்.

பந்து பிடிக்கத் தோல் கையுறையும் வாங்கியிருந்தார். அது இளக எண்ணெய் பூச வேண்டுமாம். எந்த எண்ணெய் என்று அவர் யாரையும் கேட்கவில்லை. ஆட்டத்தன்று ஜூபிலி லைன் ரயிலில் எங்கள் பெட்டி முழுவதும் நல்லெண்ணெய் மணத்தது.

3

ரயிலில் நடந்த பேச்சை அப்படியே தருகிறேன். பின்னால் வருவதற்கு இதுதான் சாட்சி.

நீலத் தொப்பி ரசிகர்களிடம் ஒரு வழக்கம் இருப்பதாக அண்ணை சொன்னார். எதிரணிக்காரன் அடித்த பந்து தங்களிடம் வந்து விழுந்தால், உன் பந்து எங்களுக்கு வேண்டாம் என்று மைதானத்துக்கே திருப்பி எறிந்துவிடுவார்களாம். அப்படி எறிகிறவனைக் கூட்டம் தூக்கி வைத்துக் கொண்டாடுமாம்.

"அப்ப நீங்களும் எறிவியளோ?" என்று கேட்டேன்.

"எவன் அடிச்ச பந்தெண்டாலும் அது எனக்குத்தான். திருப்பி எறியிறதுக்கு எனக்கென்ன விசரே?"

"விசரில்லாத ஆள்தான் நல்லெண்ணெய் பூசின கையோட ரயிலில இருக்குது," என்றா பிறேமினி அக்கா.

(அக்கா கதைக்குத் தேவையா என்று நடுவில் ஒரு சந்தேகம் வந்தது. ஒருமுறை வெட்டியும் பார்த்தேன். அவ இல்லாமல் அண்ணை வாயே திறக்கவில்லை. திரும்பச் சேர்த்துவிட்டேன். மைதானத்தில் அவ சிவப்புத் தொப்பிகளுக்குக் கை தட்டினா. அந்தச் சிவப்பில் ஒரு சேலை தேடுகிறாவாம்.)

4

பந்து வருகிற இடம்.

"பந்து நீல வானில் ஒரு வெண்புறாவைப் போல" (இல்லை.)

"விதி எறிந்த" (இதுவும் இல்லை.)

லொறியின் மேலிருந்து ஒருவன் கவனமில்லாமல் எறிகிற வெங்காயம் மாதிரி வந்தது. சிவப்புத் தொப்பிக்காரன் ஒருவன் அடித்தது. எங்கள் வரிசையில் எல்லோரும் எழும்பினார்கள். அண்ணை இடது கையை நீட்டினார். பொத்தென்று கையுறைக்குள் விழுந்தது. நான் போனைத் தூக்கினேன்.

படம் எடுக்க முடியவில்லை. நான் அழுத்துவதற்குள் அண்ணையின் வலது கை பந்தை எடுத்துவிட்டது, உடம்பு திரும்பிவிட்டது, பந்து புல்லில் விழுந்து உருண்டுகொண்டிருந்தது.

இதற்கு அமெரிக்க விளக்கம் கிடையாது. கிரிக்கெட்டில் வேலிக்கு வெளியே போன பந்தைப் பிடித்தவன் உடனே உள்ளே எறிய வேண்டும். எறியாவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். அண்ணை இளவயதில் எல்லைக்கோட்டில் நின்ற ஆள். ஊரில் அவருடைய அணியிடம் இருந்தது ஒரேயொரு பந்து. எடுத்தவுடன் எறியாதவனுக்கு அடுத்த ஆட்டத்தில் இடமில்லை. மூளை பேஸ்போலுக்கு மாறிப் பல வருடம். கைக்கு யாரும் அறிவிக்கவில்லை.

எறிந்த கை கீழே இறங்குவதற்குள், "ஐயோ," என்றார்.

5

கூட்டம் வெடித்தது. நீலத் தொப்பிகளுக்கு இது பக்தியின் உச்சம். ஒரு பெரிய ஆள் அண்ணையைக் கட்டிப்பிடித்து நிலத்திலிருந்து தூக்கினான். இன்னொருவன் பியர் கொடுத்தான். அவர் சொன்னது போர்முழக்கம் என்று நினைத்து முழு வரிசையும் "ஐயோ, ஐயோ" என்று கத்தியது. பெரிய திரையில் அண்ணையின் முகம் வந்தது. பல் முழுக்கச் சிரிப்பு. கண் மட்டும் புல்லில் கிடந்த பந்தில். ஒருவன் வந்து அதைப் பொறுக்கி ஒரு வாளிக்குள் போட்டான்.

வேறு பந்து எங்கள் பக்கம் வரவேயில்லை.

6

அந்தக் காட்சி எல்லோருடைய போனிலும் வந்துவிட்டது. கோயிலடியில் கை கொடுத்தார்கள். கிடங்கில் மனேஜரே வந்து தோளில் தட்டினார். "தெரிஞ்சுதான் எறிஞ்சன்," என்று அண்ணை ஒருமுறை சொன்னார். பிறகு நிறுத்த முடியவில்லை. எங்கள் சங்கம் வெளியிடுகிற மலரில் அச்சாகிவிட்டால் பிறகு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்றுதான் என்னிடம் வந்தார்.

முதல் முடிவு, அவர் கேட்டது: ஜீவரத்தினம் பந்தைப் பார்த்தார். எதிரியின் பந்து. ஒரு புன்னகையோடு எறிந்தார்.

இரண்டாவது முடிவு, நான் கண்டது: மேலே எழுதிவிட்டேன். இதை மட்டும் வைப்போமா என்று பிறேமினி அக்காவைக் கேட்டேன். "அது வந்தா இந்த மனுசன் வெளியில தலை காட்ட ஏலாது தம்பி," என்றா. பிறகு, "வெறுங்கையுறையைத்தான் சாமித் தட்டில வைச்சிருக்கிறார்," என்றா.

அதைக் கேட்ட பிறகு, யாரும் கேட்காமல் மூன்றாவது முடிவை எழுதினேன். அதில் வலது கை பாதி வழியில் நின்றுவிடுகிறது. கூட்டம் கூச்சல் போடுகிறது. அண்ணை பந்தைத் திரும்பக் கையுறைக்குள் வைக்கிறார். ஒருவரும் அவரைத் தூக்கவில்லை.

7

மூன்றையும் கிடங்கில் இடைவேளையில் அவரிடம் கொடுத்தேன். முதலாவதுக்குத் தலையாட்டினார். இரண்டாவதை வாசிக்காத மாதிரித் தாண்டினார். மூன்றாவதில் விரல் ஒவ்வொரு சொல்லாகப் போனது. தாளை முடித்துப் பின்பக்கமும் பார்த்தார்.

"பிறகு?" என்றார்.

"அவ்வளவுதான் அண்ணை."

"பந்து கையில எப்பிடி இருந்தது எண்டு எழுதேல்லையே?"

நீங்கள் சொன்னால் எழுதுகிறேன் என்றேன். வலது கையை விரித்துப் பார்த்தார்.

"எனக்கெப்பிடித் தெரியும் தம்பி? கையில நிக்கேல்லையே."

எனக்கும் தெரியாது. வாசிக்கிற உங்களில் யாராவது அந்தப் பந்தைக் கையில் வைத்துப் பார்த்திருந்தால், அதன் பாரம், தையல், சூடு எல்லாம் தெரிந்தவராக இருந்தால், இந்த இடத்தை எடுத்து எழுதுங்கள். எந்த முடிவு என்பதையும் நீங்களே தீர்மானியுங்கள். மூன்றாவதுக்கு என்னிடம் இருப்பது இவ்வளவுதான்:

ஜீவரத்தினம் கையுறையை மெல்லத் திறந்தார். உள்ளே பந்து