நாயுருவிக் காட்சி

பாளையம்பட்டி டைப்ரைட்டிங் வகுப்பில் சில நாட்களாக அந்தப் படத்தைப் பற்றித்தான் சண்டை. பார்த்தவர்களில் பாதிப் பேர் இடைவேளையிலேயே எழுந்து வந்தவர்கள்.

"அதெல்லாம் படமாலே? கேமராவ வச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டானுக," என்றான் மணிகண்டன்.

முதல் நாளே தனியாகப் போய்ப் பார்த்திருந்த தீபலட்சுமி, தான் அழுததைத் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டாள்.

"எந்த இடத்துல?" என்றாள் பக்கத்து மிஷினில் இருந்த ரூத்.

"அந்தப் பொம்பள காட்டுலருந்து வந்து வாசப்படியில உக்காந்து, சேலையில ஒட்டுன நாயுருவி முள்ள ஒன்னொன்னா எடுக்கும்ல. நாலஞ்சு நிமிசம்."

"ஞாயித்துக்கிழமை நான் முழுசா பாத்தேன்டி. அப்படி ஒரு சீனே இல்ல. தூங்கிக் கனாக் கண்டியா?"

வகுப்பே சிரித்தது. தீபா வீட்டுக்கு வந்து டைரியைப் பிரித்தாள். வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் எல்லாம் வரிசையாக இருந்தது. காட்சி தொடங்கிய நேரம்கூட இருந்தது. 'எடுத்த முள்ளையெல்லாம் உள்ளங்கையில் சேர்த்து அடுப்பில் போட்டாள்' என்று முடித்திருந்தாள். ஆனாலும் தன் கையெழுத்தையே அவளால் நம்ப முடியவில்லை.

அம்மா போய் ஆறு வருடம். எம்.ரெட்டியபட்டியில் பருத்தி எடுத்துவிட்டு வந்து, அம்மாவும் அப்படித்தான் படியில் உட்காருவாள். முள் எடுத்து முடிகிறவரை தீபா பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுவாள். கொஞ்ச காலமாக அம்மாவின் முகம், மாலை போட்ட போட்டோவில் இருக்கிற மாதிரியே அசையாமல்தான் நினைவுக்கு வந்தது. அன்றைக்குத் திரையைப் பார்த்தபோதுதான் அது அசைந்தது. அதுவும் தானே கட்டிக்கொண்ட கற்பனைதானா?

வியாழக்கிழமை படத்துக்குக் கடைசி நாள். ரூத்தையும் இழுத்துக்கொண்டு பகல் காட்சிக்குப் போனாள். கொட்டகையில் மொத்தம் ஒன்பது பேர். அந்தப் பெண் கரிசல் காட்டுப் பாதையில் நடந்து வந்தாள். வீடு தெரிந்தது. அடுத்த நொடி திரையில் விடிந்திருந்தது.

"பாத்தியா?" என்றாள் ரூத்.

படம் முடிந்ததும் தீபா மாடியேறி ஆபரேட்டர் அறைக் கதவைத் தட்டினாள். உள்ளே உக்கிரபாண்டி சோற்று டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, அந்த வாசப்படி சீனு..."

"அதுவா? மொத நாளு ஓட்டுனேன் தாயி. படம் நின்னு போச்சு, ஆபரேட்டர் தூங்குறான்னு கத்தி சீட்டக் கிழிச்சானுக. மறுநாள்லருந்து பாட்டத் தாண்டுற மாதிரி அதையும் தாண்டி விட்டுருவேன்." அவள் முகத்தைப் பார்த்து டப்பாவை மூடினார். "போயி உக்காருங்க. போடுறேன்."

தரையைக் கூட்டிக்கொண்டிருந்த வெள்ளைத்தாய் விளக்குமாற்றோடு அப்படியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையில் பெண் படியில் அமர்ந்து கொசுவத்தை மடியில் விரித்தாள். ஒன்று, இன்னொன்று. கடைசியில் அந்தப் பெண் எழுந்து, மடியில் கிடந்த முள்ளையெல்லாம் தெருவில் உதறிவிட்டு உள்ளே போனாள்.

அடுப்பில் போடவில்லை. உள்ளங்கையில் சேர்க்கவும் இல்லை.

"சரி, சீன் இருக்கு, ஒத்துக்கிறேன்," என்றாள் ரூத். "இப்ப எதுக்குடி மறுபடியும் அழுவுற?"

"கீழ போட்டா என் கால்ல குத்திரும்னு எங்கம்மாதான் அடுப்புல போடும். நான் அத மறந்தே போயிருந்தேன்டி."

வெள்ளைத்தாய் மேலே திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"ஏய்யா உக்கிரபாண்டி, இன்னொரு தடவ போடுய்யா!"