கையுறைக்குள் யார் கை

கடற்கதவைத் திறந்தவர் யார் என்னும் வினா, மதுரங்குளியில் அபாயா எனும் நீளங்கி தைத்து விற்கும் ஹிதாயாவின் ஊணையும் உறக்கத்தையும் ஒருங்கே கெடுத்துக்கொண்டிருந்தது.

ஏழுகோபுர நகரம் எந்தத் தேசப்படத்திலும் காணப்படாத ஊர். அதனைச் சுற்றி வானளாவிய மதில். மதிலுக்கு அப்பால் கொந்தளிக்கும் கடல். மதிலில் ஒரே ஒரு கதவு. தலைமுறை தலைமுறையாகப் பூட்டிக் கிடந்த அக்கதவை ஓர் இரவு யாரோ உள்ளிருந்து திறந்துவிட்டார்கள். கடல் நகருக்குள் புகுந்தது. இவை யாவும் நிகழ்ந்தது, சென்னையில் அச்சாகிப் புத்தளம் நகரத்துப் புத்தகக் கடை ஒன்றுக்கு வந்துசேரும் சித்திரக்கதை இதழ்களில். உள்நாட்டுப் போர்க்காலத்தில் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை என்றிருந்த அவ்விதழ்கள், போர் ஓய்ந்த பின்னர் மாதம் தவறாது வரத் தொடங்கியிருந்தன.

அந்நகரைக் காப்பது அரண் குடும்பம். தந்தை கடலரண் மதிலைத் தாவிக் கடந்து அலைகளின்மேல் நடப்பவர். தாய் வெண்சுடர் இருளை ஊடுருவிக் காண்பவள். மகள் பொறி விரல்நுனியில் தீயை வைத்திருப்பவள். எனினும் சிறுமி என்பதால் மதிலருகே செல்ல அவளுக்கு அனுமதி இல்லை. மூவருக்கும் மூன்று தனித்தனி இதழ்கள். மூவரும் ஒன்றாகத் தோன்றுவதற்கு ஆண்டுக்கொரு முறை குடும்ப மலர். ஒருவருடைய இதழில் தொடங்கும் சண்டை மற்றொருவருடைய இதழில் நடந்து, இன்னொருவருடைய இதழில் முடியும். ஆதலால் ஒருவரை மட்டும் பின்தொடர்வது, ஒரு கையை மட்டும் வைத்துத் தைத்த அபாயாவை உடுத்துவதற்கு ஒப்பாகும்.

இந்த உண்மையைச் சிறு வயதிலேயே உணர்ந்த ஹிதாயாவும், 'நானா' என்று அவள் அழைக்கும் மூத்த சகோதரன் றிஸ்மினும் தமக்குள் ஓர் ஏற்பாடு செய்திருந்தனர். கடலரணும் குடும்ப மலரும் அவன் வாங்குவது. வெண்சுடரும் பொறியும் அவள் வாங்குவது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து, சோறும் தின்று முடிந்ததும், இருவரும் இதழ்களை மாற்றிக்கொள்வார்கள். ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் எதிரே அமர்ந்து, வாசிப்பவருடைய முகம் எந்தப் பக்கத்தில் மாறுகின்றது என்று பார்த்துக்கொண்டிருப்பார். இந்த ஏற்பாடு றிஸ்மினுக்குக் கல்யாணமாகும்வரை ஒரு குறையுமின்றி நடைபெற்றது.

றிஸ்மின் கற்பிட்டியிலே கருவாடு காயவைக்கும் வாடி வைத்திருக்கும் ஒரு குடும்பத்தில் றிஸானா என்பவளை மணந்து, பெண் வீட்டோடு வசிக்கச் சென்றான். உடுப்புப் பெட்டியோடு கடலரண் இதழ்களும் சென்றன. அதற்கு அடுத்த மாதமே கடற்கதவு திறந்தது.

ஹிதாயாவின் கையில் இருந்த வெண்சுடர் இதழின் கடைசிப் பக்கத்தில், இருளைத் துளைத்து நோக்கும் வெண்சுடரின் கண்களுக்குக் கதவின் நெம்புகோலைப் பற்றிய ஒரு கை மட்டும் தெரிகின்றது. அந்தக் கையில் கடலரணின் நீலக் கையுறை. அந்தப் படப்பெட்டிக்கு அடியிலே சிறிய எழுத்துகள்: 'இதே இரவில் மதிலின் மறுபுறம் நிகழ்ந்ததைக் கடலரண் இதழில் காண்க.'

காண்பதற்கு அந்த இதழ் வேண்டுமே. கடைக்கு ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியே வரும்; கடலரணை றிஸ்மின் சொல்லிவைத்து வாங்கிப் போயிருந்தான். உம்மாவைப் பார்க்க றிஸ்மின் வந்த போதெல்லாம் அவள் கேட்டாள்; அவன் ஒவ்வொரு முறையும் மறந்து வந்தான்.

"நானா, அத ஒரு பேக்ல போட்டு வாசல்ல வெச்சா மறக்குமா?"

"வாடியில நிண்டு பாரு, ஒன்ட பேரே ஒனக்கு மறக்கும்," என்றான் அவன்.

"வாசிச்சீங்களா, இல்லையா?"

"வாங்கி வெச்சீக்கிறன்."

அந்த மறுமொழி ஹிதாயாவுக்குப் பிடிக்கவில்லை. வாங்கி வைத்தவன் வாசித்திருந்தால் அவனுடைய முகத்தில் அது எழுதியிருக்கும்.

தானே கற்பிட்டிக்குச் சென்று வாசித்துவிட்டு வரலாமென்றால், அதற்கும் வழி இருக்கவில்லை. கல்யாணத்தின் பின் சம்பந்திகள் ஒருவரையொருவர் விருந்துக்கு அழைக்க வேண்டும். பெண் வீட்டார்தான் முதலில் அழைப்பது முறை என்பது ஹிதாயாவின் தாய் உம்மு குல்சூம் பழகிய வழக்கம். மாப்பிள்ளை வீட்டார்தான் முதலில் அழைப்பது முறை என்பது றிஸானாவின் தாய் றஹ்மா பழகிய வழக்கம். இருவரும் முறை தவறாதவர்கள். ஆகையால் இருவரும் காத்திருந்தனர். மாதங்கள் கடந்த பின்னர், காத்திருத்தல் மெல்ல மனத்தாங்கலாயிற்று.

"கூப்புடாத ஊட்டுக்கு என்ட மக போக மாட்டா," என்றாள் உம்மு குல்சூம்.

"நான் விருந்துக்கா போறன்? புத்தகம் வாசிக்கப் போறன்."

"இந்த வயசுல கொமிக் வாசிக்கத்தான் வந்த எண்டு செல்லுவியா? நம்புவாங்களா? சோத்துக்கு வந்தா எண்டுதான் செல்லுவாங்க."

பின்வந்த மாதங்களின் வெண்சுடரிலும் பொறியிலும் வெள்ளத்தோடு போராட்டமே தவிர, திறந்தவர் யார் என்னும் பேச்சே இல்லை. இவ்வாறு வழிகள் யாவும் அடைபட்ட நிலையில், கையில் இருந்த பாதிக் கதையை வைத்தே ஹிதாயா மறு பாதியை ஊகித்தாள். கையுறை கடலரணுடையது, ஆகவே கதவைத் திறந்தவர் கடலரண். ஊரைக் காத்தவரே ஊரைக் காட்டிக்கொடுத்தார். அதே மாதத்துப் பொறி இதழில் உதவி கிடைக்குமா என்று தேடினாள். அதிலோ முதற் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை சிறுமி கழுத்துவரை போர்த்துக்கொண்டு உறங்குகிறாள், கனவு காண்கிறாள். பக்கத்தை நிரப்ப எழுதியது என்று அதை அலுமாரிக்குள் போட்டுவிட்டாள்.

ஒரு நாள் முற்பகல், அவள் ஓர் அபாயாவின் கைவிளிம்புக்குக் கல் பதித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி மணி அடித்தது. றிஸ்மினின் இலக்கம், குரல் பெண்ணுடையது.

"ஹிதாயாவா? நான் றிஸானா."

கல்யாணத்தன்று கண்டதற்குப் பின் அவர்கள் பேசியதில்லை. ஹிதாயா ஊசியைத் துணியிற் குத்தி வைத்தாள்.

"செல்லுங்க மதினி. நானாக்கு ஏதுமா?"

"அவருக்கு ஒண்டுமில்ல, தூங்குறாரு. எனக்குத்தான் ஒரு விஷயம் கேக்க ஈக்கிது. சிரிக்கப்போடாது."

"சிரிக்க மாட்டன்."

"அந்த வெண்சுடர் எண்டவ, கதவத் தொறந்துட்டு எங்க ஓடுறா?"

ஹிதாயா சிரிக்கவில்லை. எழுந்து நின்றுவிட்டாள்.

"வெண்சுடரா? அவ எங்க தொறந்த? தொறந்த கடலரண்."

"இல்ல, இல்ல. அந்த மனுசன் கடலுக்குள்ள நிண்டு சண்ட புடிக்கிறாரு. திரும்பிப் பாத்தா கதவு தொறந்து கெடக்கு, பக்கத்துல பொண்டாட்டிட நெழல். எனக்கிட்ட படம் ஈக்கிது."

"எனக்கிட்டயும் படம் ஈக்கிது. அவர்ட கையுறதான் நெம்புகோல்ல."

இரு முனைகளிலும் பக்கங்கள் புரளும் ஓசை கேட்டது.

"அப்ப ரெண்டு படத்துல ஒண்டு பொய்," என்றாள் றிஸானா.

"நீங்க எப்ப மதினி வாசிக்கத் தொடங்கின?"

"அவரு வாங்கிட்டு வந்து மேசையில வெப்பாரு. தொடவே மாட்டாரு. கருவாடு சுத்தலாமா எண்டு கேட்டன், மொகத்தத் தூக்கி வெச்சிக்கிட்டாரு. அப்புடி என்னதான் ஈக்கிது எண்டு எடுத்துப் பாத்தன். அதோட சரி."

அன்று தொடங்கி அவர்கள் தொலைபேசி வழியாகக் கதையைப் பரிமாற முயன்றனர். எழுத்துகளை வாசிப்பது இலகு. படங்களைச் சொல்லில் கொண்டுவருவது அவ்வளவு இலகுவன்று. "மூணாவது பெட்டியில நீலமா ஒண்டு ஈக்கிது, கடலா வானமா தெரியல்ல," என்பாள் றிஸானா. "அலை ஈக்கிதா பாருங்க," என்பாள் ஹிதாயா. "அலையா, மேகமா?" என்று அங்கிருந்து மறுபடியும் கேள்வி பிறக்கும். ஒரே இரவு, ஒரே கதவு. ஓர் ஓவியர் அதை உள்ளிருந்து வரைந்திருக்கிறார், மற்றவர் வெளியிலிருந்து வரைந்திருக்கிறார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாலொழிய உண்மை வெளிப்படாது என்ற முடிவுக்கு இருவரும் வந்தனர்.

"இங்க வாங்க," என்றாள் றிஸானா. சொன்னவுடனேயே தன் தவறை உணர்ந்து, "உம்மா கூப்புட்டா வாங்க," என்று திருத்திக்கொண்டாள்.

"எங்கட உம்மாவும் அதத்தான் செல்ற."

"அப்ப நீங்களும் வராத, நானும் வராத. பாலாவிக்கு வந்தா என்ன? பாலாவி யார்ட ஊடும் இல்லையே."

கற்பிட்டி வீதி கொழும்பு வீதியோடு சேரும் சந்தி பாலாவி. அங்கே பேருந்துத் தரிப்பிடம் ஒன்று உண்டு. யாரும் யாரையும் அழைக்காமலே சந்திப்பதற்கு அதனைவிடப் பொருத்தமான இடம் அந்த மாவட்டத்தில் இல்லை.

குறித்த நாளில், நூல் வாங்கப் புத்தளத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஹிதாயா பேருந்தேறினாள். றிஸானா முன்னரே வந்து, தரிப்பிடத்து வாங்குப் பலகையில் அமர்ந்திருந்தாள். அவள் மடியிலிருந்த பையில் கருவாட்டு வாசனை வீசியது. இதழ்களும் அதே வாசனை வீசின.

சலாம் சொல்லி முடிந்ததும் இருவரும் நேரே விடயத்துக்கு வந்தனர். ஹிதாயா வெண்சுடரை விரித்தாள். றிஸானா கடலரணை விரித்தாள். அலையடிக்கும் அந்த நீலப் பெட்டியை ஹிதாயா முதன்முறையாகத் தன் கண்ணாலே கண்டாள். கடலரண் உண்மையாகவே கடலுக்குள்தான் நின்றார். அவரை வீணாகச் சந்தேகித்ததை எண்ணி அவளுக்குச் சிறிது வெட்கமாயிருந்தது.

"இவர்ட எடக்கையப் பாருங்க," என்று றிஸானா சுட்டிக்காட்டினாள். "வெறுங்கை. படங்கீறினவன் கையுறைய மறந்துட்டான் எண்டு நெனச்சன்."

"எல்லாப் பெட்டியிலயுமா மறந்த?"

பக்கங்களைப் புரட்டினார்கள். எல்லாப் பெட்டியிலும் இடக்கை வெறுமையாகவே இருந்தது. அவர் வீட்டிலிருந்து புறப்படும்போதே ஒரு கையுறை காணாமற் போயிருக்கின்றது.

ஹிதாயா தன் இதழைக் கண்ணருகே கொண்டுபோனாள். நெம்புகோலைப் பற்றிய நீலக் கையுறையை ஆயிரம் முறை பார்த்திருக்கிறாள்; அதனை ஒரு துணியாகப் பார்த்ததில்லை. மணிக்கட்டருகே துணி மடிப்பு மடிப்பாகச் சுருங்கித் தொய்ந்திருந்தது. விரல்களின் நுனிகள் வெறுமையாய் வளைந்து தொங்கின. பெரியவருக்குத் தைத்ததைச் சிறியவர் போட்டால்தான் துணி இவ்வாறு விழும்.

"மதினி," என்றாள் மெதுவாக, "இது பெரிய ஆள்ட கை இல்ல. வெண்சுடர்டயும் இல்ல, அவ இந்தக் கையக் கண்டுட்டுப் பொறகு ஓடி வந்தவ. இது சின்னப் புள்ளட கை."

றிஸானா அவளைப் பார்த்தாள். பின்பு இருவரும் ஒரே சமயத்தில் ஹிதாயாவின் பைக்குள் கையை விட்டார்கள். பொறி இதழ் வெளியே வந்தது. கழுத்துவரை போர்த்துக்கொண்டு உறங்கும் சிறுமி. பக்கத்துக்குப் பக்கம் தேடினார்கள். கனவில் அவள் பறந்தாள், பாடினாள், யானையேறினாள். படுக்கையிற் கிடந்த பொறியின் கைகளை மட்டும் ஓரிடத்திலும் வரையவில்லை.

"அது தலவாணி," என்று றிஸானா தீர்ப்பளித்தாள். "போர்வைக்குள்ள தலவாணிய வெச்சிட்டுப் போயிட்டாள் கள்ளி."

"மொகம் ஈக்கிதே."

"அப்ப தூங்கின மாதிரிக் கெடந்துட்டுப் போயீக்கிறாள். ஏன் போன?"

அந்த 'ஏன்' என்பதற்குக் கையில் இருந்த எந்த இதழிலும் விடை இருக்கவில்லை. குடும்ப மலர் அடுத்த மாதம் வரும், அது றிஸ்மினின் பங்கு, கற்பிட்டிக்குத்தான் போகும். இரண்டு பேருந்துகள் வந்து போயின. இருவரும் தலையோடு தலை முட்ட அமர்ந்து, பொறிக்கு என்ன வந்தது என்று ஆராய்ந்தவாறே இருந்தனர்.

அந்தப் பேருந்துகளில் ஒன்றில், கற்பிட்டியில் கருவாடு வாங்கி மதுரங்குளியில் வீடு வீடாக விற்கும் அன்னலட்சுமி இருந்தாள். வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து அங்கேயே தங்கிவிட்டவள். இரு வீட்டாருக்கும் வேண்டியவள். அன்று மாலை உம்மு குல்சூமின் வாசலில் கூடையை இறக்கி வைத்தாள்.

"உங்கட மோளும் மருமோளும் பாலாவியில இருந்து பெரிய கதை. கடதாசியெல்லாம் விரிச்சுவச்சு யோசிச்சுக்கொண்டு இருக்கினம். என்ன, விருந்துக்கு ஆக்களை எழுதுகினமோ?"

உம்மு குல்சூம் எல்லாம் முன்னரே தெரிந்தவள் போல் ஓம் என்று தலையாட்டினாள். ஆனால் அவள் உள்ளம் வேகமாகக் கணக்கிட்டது: றஹ்மா மகளை அனுப்பி நாள் பேசுகிறாள்; முறை எதுவாயினும், அவள் முந்திக்கொண்டால், அழைக்கத் தெரியாத குடும்பம் என்ற பெயர் நமக்கு வந்துவிடும். மறுநாள் கற்பிட்டிக்குச் சென்ற அன்னலட்சுமி அதே கதையை அங்கும் சொன்னாள். றஹ்மாவும் அதே கணக்கைப் போட்டாள். இரு வீட்டு அழைப்புகளும் ஒரே நாளில், ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஒன்றையொன்று கடந்து சென்றன. இவர்களுள் முந்தியவர் யார் என்ற வழக்கு இன்றுவரை தீரவில்லை. எப்படியோ, கற்பிட்டி விருந்து முதலில் வைக்கப்பட்டது. ஹிதாயா அதற்குப் போனாள்.

அவள் உள்ளே நுழைந்ததும் றிஸானா கையைப் பிடித்து அறைக்கு இழுத்துச் சென்றாள். "மலர் வந்துட்டு. நான் தொடல்ல, நீங்க வரட்டும் எண்டு வெச்சன். ஆனா..."

அறைக்குள் றிஸ்மின் கட்டிலில் சாய்ந்தபடி குடும்ப மலரை விரித்து வைத்திருந்தான்.

"நானா, நீங்க வாசிக்கிறல்லதானே?"

"ஒத்தையா வாசிக்க வரல்ல," என்றான் அவன் தலை நிமிராமல். "சண்ட புடிக்க ஆளில்லாம என்னத்த வாசிக்கிற? இப்ப நீங்க ரெண்டு பேரும் நாள் முழுக்கக் கதவு கதவு எண்டு கதைச்சா, மனுசன் என்ன செய்யிற?"

"தள்ளுங்க," என்றாள் றிஸானா.

மூவரும் கட்டில் விளிம்பில் நெருங்கி அமர்ந்தனர். முகங்களைப் பார்த்திருக்க ஒருவருக்கும் அவகாசமில்லை. றிஸ்மின் பக்கத்தைத் திருப்ப முனைந்தபோது ஹிதாயா அவன் விரலைப் பிடித்துக்கொண்டாள். அவள் முடித்தபோது றிஸானா முடிக்கவில்லை.

மலரின் நடுப்பக்கத்தில் பொறி, நீர் சூழ்ந்த கோபுரத்தின் உச்சியில், பெற்றோர் முன் நிற்கிறாள். ஏன் திறந்தாய் என்று கடலரண் கேட்கிறார். பொறி சொல்கிறாள்: 'அப்பா ஒவ்வொரு நாளும் நனைந்து வருகிறீர்கள். அம்மா இருளிலும் மதில்மேல் நின்று பார்க்கிறீர்கள். கடல் எப்படி இருக்கும் என்று நான் கேட்டால் இருவரும் உறங்கச் சொல்கிறீர்கள்.'

இரு புறமும் கடலையே கண்டு வளர்ந்த றிஸானாவுக்கு இது சற்றும் ஏற்புடையதாயில்லை.

"கடலப் பாக்கவா? இதுக்கா ஊரையே தண்ணியில தாட்டாள்? நல்ல புள்ள. எங்கட வாடியில வந்து ஒரு நாள் நிண்டா போதும், கடல் எண்ட பேச்சே எடுக்க மாட்டாள்."

"கேட்ட நேரமே பதில் செல்லீக்கலாமே," என்றான் றிஸ்மின்.

ஹிதாயாவின் கண் வேறிடத்தில் இருந்தது. அந்தப் பெட்டியிலே, கோபுரத்தின் அடியில், வெள்ளத்தோடு நகருக்குள் வந்துவிட்ட ஏதோ ஒன்றின் முதுகு நீருக்கு மேலே சிறிதளவு தெரிந்தது. அரண் குடும்பத்தில் எவரும் அதைப் பார்க்கவில்லை. அவள் குனிந்து, அதற்குச் செதில் இருக்கின்றதா என்று உற்று நோக்கினாள்.