பெட்டி இல்லாத வயல்

"எங்க வயலு எங்கம்மா? இத்தனை பெட்டி போட்டியே, எங்களுக்கு ஒண்ணு போடக் கை வலிச்சுதா?"

ராக்காயி போட்ட சத்தத்தில் உருத்திரபுரம் சங்கக்கடை ஓடு பெயர்ந்திருக்கும். மண்ணெண்ணெய் வாங்கப் போன நான் போத்தலை வைத்துவிட்டு வசதியாக நின்றுகொண்டேன்.

சுவரில் விமலேஸ்வரி கீறிய படம். கொழும்பில் கொம்பியூட்டர் படித்து, எண்பத்து மூன்று கலவரத்தோடு ஊர் திரும்பிய பெட்டை. அந்தச் சிறுபோக நெல்லுக்குத் தண்ணீர் விடும் முறையைப் படமாக்கியிருந்தாள். வயலுக்கு ஒரு பெட்டி. நிறைந்ததா என்று கேட்க ஒரு சாய்சதுரம். ஓம் என்றால் அடுத்த பெட்டிக்கு அம்பு. கடைசியில், வாய்க்கால் மதகுக்கு, 'கதவைப் பூட்டு'. வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடும் வட்ட விதானை மயில்வாகனம், "என்ர வருங்கால மருமகள்" என்று வீதி வீதியாகப் பீற்றித் திரிந்தார்.

"மாமா தந்த பேர் இடாப்பில உள்ள எல்லாரையும் போட்டிருக்கிறன்," என்று சீறினாள் விமலேஸ்வரி. "என்ர படத்தில பிழையில்லை."

"முன்னெல்லாம் எங்க வீட்டுக்காரரு வாய்க்கா கடைசியில நின்னு கூவுனாத்தான் கதவ மூடுவாங்க. இப்ப ஒம் படத்தப் பாத்து மூடுறாங்க. தண்ணி வந்து பதினோரு நாளாச்சு. கதிரு தள்ளக் குடலையில நிக்கிற பயிரு காயுது. வந்து பாத்தியா?"

எங்கே பார்த்தாள்? செருப்பில் சேறு படாமல் முழு வாய்க்காலையும் கீறிய மகாராணி. அன்றுதான் சைக்கிளை எடுத்தாள். ராக்காயி, அவள் புருசன் பழனியாண்டி இருவரின் ஒன்றரை ஏக்கர் வெடித்துக் கிடந்தது. அதற்கப்பால் இன்னும் நான்கு மலைநாட்டுக் குடும்பங்களின் வயல்கள்.

திரும்பி வந்தவள் மயில்வாகனத்தின் முகத்துக்கு நேரே நின்றாள்.

"கடைசியில அஞ்சு வயல் இருக்கெண்டு ஏன் மாமா சொல்லேல்லை?"

"காணிப் பெர்மிட் இல்லாத சனம், பிள்ளை. இடாப்பில வராது."

"பத்து வருசமாத் தண்ணி போன இடம்! நீங்கள் மறிக்க வெக்கப்பட்டு, என்ர கையால மறிப்பிச்சிருக்கிறியள்."

பேனையை எடுத்தாள். 'கதவைப் பூட்டு' என்பதை வெட்டி, அந்த இடத்தில் ஐந்து பெட்டி கீறி, அதற்குக் கீழே மறுபடி எழுதினாள்.

"உந்தப் பெட்டியள் இருந்தா எங்கட வீட்டுப் படி மிதிக்கேலாது."

"அப்ப எனக்கெண்டு கதிரை போட்டு வைக்காதேங்கோ!"

படத்தை மீறினால் வேலை போய்விடும் என்று மயில்வாகனமே வெருட்டி வைத்திருந்தபடியால், கதவுகாரன் நல்லதம்பி புதுப் படத்தின்படியே தண்ணீர் விட்டான். பாதிப் பயிர்தான் தப்பியது. மற்றப் பாதிக்காக ராக்காயி அரிவு வெட்டு முடியுமட்டும் விமலேஸ்வரியை ஏசினாள்.

மயில்வாகனத்தின் மகன் ஆவணியிலேயே அக்கராயன் ஊர் நேசமலரைக் கட்டினான். பழனியாண்டி குடும்பம் வயலை விட்டு உடையார்கட்டுக்குப் போய்விட்டது. விமலேஸ்வரி இரண்டு வருசம் கழித்து வவுனியாவில் ஒரு நில அளவையாளரைக் கலியாணம் முடித்தாள். மயில்வாகனம் வீட்டுக்கும் கார்ட் அனுப்பினாளாம்.