மாடு கடக்கும் நேரம்

எட்டு நாளாக ஆர்லோ பெல்நாப் ஒரு ரகசியத்தை வாய்க்குள் அடக்கி வைத்திருந்தார். பெண்டாட்டி நதீனிடம்கூடச் சொல்லவில்லை. நாற்பத்தொரு கறவை மாடுகளிடம் மட்டும், பால் கறக்கும்போது ஒவ்வொன்றின் காதிலும் தனித்தனியாகச் சொல்லியாயிற்று.

ரகசியம் இதுதான்: ஊர்க்காரர்கள் நேரத்தைத் தப்பாகக் கணக்குப் போட்டிருந்தார்கள்.

விவகாரம் பழசு. ஆர்லோவின் கொள்ளுத்தாத்தா கல்குவாரி ரயிலுக்கு நிலம் விட்டபோது சும்மா விடவில்லை. 'குவாரி வாசலிலிருந்து ஆற்றுப் பாலம் வரை வருஷத்துக்கு ஒரு தடவையாவது இதன்மேல் சக்கரம் ஓட வேண்டும். நவம்பர் இரண்டாம் தேதி சூரியன் மறைவதற்குள் அந்த வருஷத்து ஓட்டம் முடியாவிட்டால், நிலம் எனக்கும் என் வாரிசுகளுக்கும் திரும்பிவிடும்' என்று பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டார். பத்திரத்தின் அந்தப் பக்கம் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆர்லோவின் சமையலறைச் சுவரில் தொங்குகிறது. ஆர்லோ எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியதே அதைப் பார்த்துத்தான்.

குவாரியை மூடிவிட்டார்கள். கம்பெனி, தண்டவாளத்தையும் அது கிடக்கும் நிலத்தையும் ஊருக்கே கொடுத்துவிட்டுப் போய்விட்டது. போன வருஷம் மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் கைதூக்கி ஓட்டுப் போட்டு, தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பாதை போடுவது என்று முடிவு செய்தார்கள். நல்ல விஷயம்தான், யார் இல்லை என்றது? ஆனால் ஆர்லோவின் தொழுவம் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், மேய்ச்சல் நிலம் அந்தப் பக்கம். மாடுகள் தினம் இரண்டு வேளை கடந்தாக வேண்டும். நாளைக்கு சைக்கிள்காரனும் நாய்க்காரனும் வந்து புகார் எழுதினால் கேட்டில் பூட்டுத் தொங்கும். அப்புறம் பண்ணை ஏது? "மாடு கடக்கலாம்னு ஒரு வரி எழுதிக் குடுங்க" என்று பாதைக் கமிட்டியிடம் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் 'பரிசீலிக்கிறோம்' என்று பதில் வந்தது. அந்த வார்த்தையைக் கேட்டாலே ஆர்லோவுக்குக் காது சிவக்கும்.

கோர்ட்டுக்குப் போனார். பத்திரம் செல்லும் என்றார் நீதிபதி. சக்கரம் என்றுதான் எழுதியிருக்கிறது, பாதை திறந்தபின் சைக்கிள் சக்கரமே போதும். ஆனால் இந்த வருஷத்து ஓட்டம் தவறினால் நிலம் பெல்நாப்புக்கு என்று தீர்ப்பாயிற்று. ஜூலை வெள்ளம் குவாரிப் பக்கத்து மதகை அடித்துக்கொண்டு போனதில், மண் கொட்டித் தண்டவாளத்தை நிமிர்த்தவே அக்டோபர் முடிந்துவிட்டது. கடைசி நாள்தான் மிச்சம். எட்டு நாள் முன்பே கடைவாசலில் கமிட்டி நோட்டீஸ் ஒட்டியிருந்தது: 'ஞாயிறு, நவம்பர் 2. கைப்பிடி டிராலி ஐந்து மணிக்குப் பாலம் சேரும். சூரிய அஸ்தமனம் 5.40. ஆப்பிள் சைடரும் டோனட்டும் இலவசம்.'

கோடைக்காக முன்னால் தள்ளிய கடிகாரத்தைச் சனிக்கிழமை இரவோடு ஊரெல்லாம் ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைக்கும். நோட்டீஸில் போட்டது பழைய மணிக்கணக்கு, ஞாயிறன்று சூரியன் நாலு முப்பத்தெட்டுக்கே மலைக்குப் பின்னால் போய்விடும். கடிகாரத்தைப் பார்த்து வாழ்கிறவர்களுக்கு இது வருஷா வருஷம் மறந்துபோகும். மாடு வைத்திருக்கிறவனுக்கு மறக்காது, ஏனென்றால் மாடு கடிகாரத்தைத் தள்ளிவைப்பதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கே மாடுகள் மேய்ச்சல் நிலத்துக் கேட்டில் வந்து நின்று கத்த ஆரம்பித்துவிட்டன. அவற்றின் கணக்கில் அது கறக்கும் நேரம். ஆர்லோ கேட்டைத் திறக்கவில்லை. தண்டவாளத்தின் ஓரத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணை மலைமேலும் ஒரு கண்ணைக் கைக்கடிகாரத்திலும் வைத்திருந்தார். தொடை ஆடிக்கொண்டே இருந்தது.

நதீன் காபியோடு வந்தாள். "என்ன ஆர்லோ, காலைல இருந்து தானா சிரிச்சுக்கிட்டிருக்க? மாடு மடி கட்டிக்கிட்டுக் கத்துது, உனக்குக் காது கேக்கலையா?"

"இன்னும் கொஞ்ச நேரம் நதீன். கொஞ்சமே கொஞ்ச நேரம்."

"எதுக்கு?"

அதற்குமேல் அடக்க முடியவில்லை. கொட்டிவிட்டார். நதீன் மலையைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். "அடப்பாவி! எட்டு நாளா இதை வச்சுக்கிட்டா என் பக்கத்துல படுத்திருந்த?" என்றாள். திட்டுகிற மாதிரிதான் ஆரம்பித்தாள், பாதியில் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மணி நாலு இருபத்தைந்து. குவாரிப் பக்கமிருந்து கடகடவென்று ஒரு சத்தம் கேட்டது.

ஆர்லோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். வளைவில் டிராலி தெரிந்தது. நாலு பேர் எதிரும் புதிருமாக நின்று கைப்பிடியை உயிர் போகிற மாதிரி அழுத்திக்கொண்டு வந்தார்கள். முன்னால் தலைமுடி பறக்க நின்றவள் ரொக்ஸான் தீபோ. ஊர் அலுவலகத்தில் பத்திரப் பதிவெல்லாம் பார்க்கிறவள், ஆர்லோவோடு ஒன்றாம் வகுப்பு முதல் ஒரே பெஞ்சு. கண்டுபிடித்துவிட்டார்கள்!

"டேய் ஆர்லோ!" தூரத்திலிருந்தே கத்தினாள். "சூரியன் எப்ப மறையும்னு தெரிஞ்சும் வாயே தொறக்கலல்ல? திருட்டுப்பயலே!"

பாலம் கூப்பிடு தூரம்தான். ஐந்து நிமிஷத்தில் போய்விடுவார்கள். ஒரு வருஷம் காத்திருந்தது இதற்கா? யோசிக்கவே இல்லை. ஓடிப்போய்க் கேட்டின் கொக்கியைத் தட்டிவிட்டார்.

மாடுகள் கிளம்பின. எப்போதும்போல பெட்டூனியா முதலில், அவள் பின்னால் மற்றவை, வரிசை குலையாமல். மடி நிறைந்த மாடு ஓடாது, அதை ஓடவைக்கவும் யாராலும் முடியாது. டிராலி கிறீச்சென்று பிரேக் போட்டு, பெட்டூனியாவின் மூக்குக்கு இரண்டு முழம் முன்னால் நின்றது.

"மாட்டை ஓட்டுடா!"

"அதுங்க வேகத்துக்குத்தான் போகும் ரொக்ஸான். வேணும்னா நீயே சொல்லிப் பாரு."

பேக்கரிக்கார எமில் டிராலியிலிருந்து குதித்து, பையிலிருந்து ஒரு டோனட்டை எடுத்து பெட்டூனியாவுக்கு ஆசை காட்டினார். அவளை முன்னால் இழுக்கலாம் என்று நினைப்பு. அவள் அதை வாங்கித் தின்றுவிட்டு, அடுத்ததற்காகத் தண்டவாளத்துக்கு நடுவிலேயே நின்றுகொண்டாள். பின்னால் வந்தவையும் நின்றன. வாசனை அவற்றுக்கும் எட்டிவிட்டது.

"எமில், உனக்கு மண்டைல மூளையே இல்லையா!" ரொக்ஸான் தலையில் அடித்துக்கொண்டாள்.

மலைமேல் ஒரு சிவப்புக் கீற்று மட்டும் மிச்சம் இருந்தது. ஆர்லோ மூச்சுவிடக்கூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். கீற்று மெலிந்தது. ஒரு புள்ளியாயிற்று. போயே போய்விட்டது.

ஆர்லோ தொப்பியைக் கழற்றி வானத்தில் எறிந்தார். அறுபத்துமூன்று வயது மனிதர், சாணி ஒட்டிய பூட்ஸோடு தண்டவாளத்தில் குதித்தார். "முடிஞ்சுது! நிலம் வந்துருச்சு! நதீன், நம்ம நிலம்!" நதீனைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டார். எமில் கையிலிருந்த டோனட்டைத் தானே கடித்துக்கொண்டார், பாவம்.

ரொக்ஸான் மட்டும் அசையவில்லை. மூச்சு வாங்கியபடி கோட்டுப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள்.

"ஆர்லோ, உங்க வீட்டுச் சுவர்ல தொங்குதே, அது எத்தனை பக்கம்?"

"ஒரு பக்கம். அதுக்கென்ன?"

"பத்திரம் ரெண்டு பக்கம்டா. முழு நகல் எங்க ஆபீஸ் புஸ்தகத்துல இருக்கு. மணி விஷயம் தெரிஞ்சதும், சூரியன்னுதான் எழுதியிருக்கா, இல்ல மணிக்கணக்கு ஏதாவது போட்டிருக்கான்னு பாக்க மூணு மணிக்கு ஓடினேன். அப்பத்தான் பக்கத்தைத் திருப்பினேன். இத்தனை வருஷத்துல யாருமே திருப்பலை. கோர்ட்ல உன் வக்கீலும் திருப்பலை, எங்க வக்கீலும் திருப்பலை. எல்லாரும் உன் சுவத்துப் பக்கத்தையே படமெடுத்துக்கிட்டுப் போனாங்க. மறுபடி கோர்ட்டு வம்பு வேண்டாம், வெளிச்சத்துலயே சேர்ந்துடலாம்னுதான் உன்கிட்ட கத்தினேன்."

படித்தாள். 'என் மாடுகளோ என் வாரிசுகளின் மாடுகளோ கடக்கும்போது, இவ்வழியில் போகும் எவரும் எவ்வண்டியும் நின்று வழிவிட வேண்டும். அப்படி நின்ற நேரம் தாமதமாகக் கொள்ளப்படாது. கடைசி மாடு கடந்தபின் தடையின்றிப் போய்ச்சேர்ந்தால், உரிய காலத்தில் சேர்ந்ததாகவே கொள்ளப்படும்.'

ஆர்லோ தாளை வாங்கித் தானே ஒரு தடவை படித்தார். கீழே கொள்ளுத்தாத்தாவின் கோணல் கையெழுத்து. கேட்டைத் திறக்காமல் சும்மா நின்றிருந்தாலாவது, டிராலி வழியில் எதிலாவது மாட்டித் தாமதமாகும் என்று ஒரு நப்பாசை இருந்திருக்கும். தன் கையாலேயே கொக்கியைத் தட்டி ஊருக்கு நேரம் வாங்கிக் கொடுத்துவிட்டார். தண்டவாளத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவர் மறுபடியும் முதல் வரியைப் படித்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"ரொக்ஸான். 'இவ்வழியில் போகும் எவரும்'னு இருக்கு. சைக்கிள்காரனுமா?"

"சைக்கிள்காரன், நாய்க்காரன், கமிட்டித் தலைவர், எல்லாரும். நிக்கணும்."

"எத்தனை நாளைக்கு?"

"நாள் கணக்கு எதுவும் இல்ல. உங்க குடும்பத்துல மாடு இருக்கற வரைக்கும்."

"கமிட்டி பரிசீலிக்க வேண்டாமா?"

"அவங்க என்னத்தைப் பரிசீலிக்கறது? நூத்து முப்பது வருஷமா பதிவாகியிருக்கு."

நதீன் முதலில் சிரித்தாள். பிறகு ஆர்லோ. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஒரு வருஷம் கோர்ட்டுப் படி ஏறி இறங்கிக் கேட்ட அந்த ஒரு வரி, தினம் காபி குடிக்கிற இடத்துக்கு எதிரே தொங்கிய பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் இருந்திருக்கிறது.

மாடுகள் டோனட் தீர்ந்துபோனதை ஒருவழியாகப் புரிந்துகொண்டு ஒவ்வொன்றாகத் தொழுவத்துக்கு நடந்தன. கடைசியாக ஒரு கிழட்டுப் பழுப்பு மாடு, தண்டவாளத்தின் நடுவில் நின்று, கால் மாற்றி, வாலை வீசி, டிராலியை ஆற அமரப் பார்த்தது. குளிர் ஏற ஆரம்பித்துவிட்டது. பாலத்தில் காத்திருந்தவர்கள் தூரத்தில் விளக்குகளை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். எமில் கைகளைத் தேய்த்துக்கொண்டு, "ஆர்லோ, கொஞ்சம் தட்டி விடேன்" என்றார்.

ஆர்லோ தொப்பியைத் தேடி எடுத்துத் தலையில் வைத்தார். டிராலியில் ஏறி, சோர்ந்துபோன எமிலின் இடத்தில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"எதுக்குத் தட்டணும்? நாமதான் நிக்கணும்" என்றார். பிறகு மாட்டைப் பார்த்துச் சொன்னார்: "நீ மெதுவாப் போடி தங்கம். ஒரு அவசரமும் இல்ல."