அடைத்த வெண்டிலேட்டர்

எல்லம்மா மாடி பாத்ரூமில் விழுந்த சத்தம் கேட்டபோது நான் கீழே நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், மகளைப் போட்டு அடிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். நன்றாக நாலு போடட்டும் என்றுகூட நினைத்தேன்.

அவளை மதுராந்தகத்திலிருந்து வரவழைத்ததே நான்தான். மகள் ஜீவிதா சேலையூரில் எங்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறாள், சிறுசேரியில் வேலை. பத்து நாளாகக் காலையில் குளித்துவிட்டு வந்தால் குமட்டல், தலைசுற்றல். ஒருநாள் படியிலேயே வாந்தி. கல்யாணமாகாத பெண். இரண்டு பெற்றவள் நான், எனக்குத் தெரியாதா? போன் போட்டேன். போன ஞாயிறு ஊருக்கு வந்தபோது நன்றாகத்தானே இருந்தாள் என்றாள் எல்லம்மா. அங்கே வந்தால் மறைக்கிறாள், நேரில் வந்து பாருங்கள் என்றேன். அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பி வந்துவிட்டாள்.

ஜீவிதா அலறிக்கொண்டு இறங்கி வந்த பிறகுதான் ஓடினோம். என் வீட்டுக்காரர் ஞானையா தாழ்ப்பாளை உடைத்தார். உள்ளே கேஸ் கீசர் எரிந்துகொண்டிருந்தது, வெந்நீர் பக்கெட்டில் வழிந்துகொண்டிருந்தது. பஸ்ஸில் வந்த அழுக்குப் போகக் குளிக்கப் போனவள் சுவரோரம் சுருண்டு கிடந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். பாத்ரூமில் வெண்டிலேட்டர் உண்டா என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். வெளியே போக வழியில்லாத இடத்தில் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேருமாம், வாசனையே இருக்காதாம். மகளுக்கும் தினம் கொஞ்சம் கொஞ்சமாக அதுதான் ஏறியிருக்கிறது என்றார். ஞானையா என்னைப் பார்த்தார். பக்கத்து மனையில் கட்டட வேலை ஆரம்பித்ததும், சாரத்தில் ஏறுகிற ஆட்களுக்குப் பெண் குளிப்பது தெரியுமே என்று பழைய ஃப்ளெக்ஸை வெட்டி வெண்டிலேட்டரில் ஒட்டியவள் நான். அதை மட்டும் அடைத்துவிடாதீர்கள் என்று கீசர் மாட்டியவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஒரு பெண்ணின் மானத்துக்காகச் செய்தேன் என்று வாய் வரைக்கும் வந்தது. அந்தப் பெண்ணைப் பற்றி நான் போனில் சொன்னது காதுக்குள்ளேயே கேட்டது.

அன்று சாயங்காலமே ஞானையா ஃப்ளெக்ஸைக் கிழித்தெறிந்து, ஆளை வைத்துக் கீசரை வெளிச்சுவருக்கு மாற்றினார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் ஃபிளாஸ்கில் கஞ்சியோடு போனேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் போனேன்; அழுகைதான் வந்தது. எல்லம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க பயந்துதான் சொன்னீங்க பியூலாக்கா. நான் பெத்தவ. வந்ததும் வராததுமா, எவன்டின்னு கேட்டேன். என் தலைல அடிச்சு சத்தியம் பண்ணச் சொன்னேன். பண்ணா. அப்பவும் நான் நம்பல."

ஜீவிதா ஃபிளாஸ்கைத் திறந்து டம்ளரில் கஞ்சி ஊற்றினாள். தேங்க்ஸ் ஆன்ட்டி என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். ஊற்றும்போது அவள் நெற்றியில் முடி விழுந்தது. அதை ஒதுக்கிவிட எல்லம்மா கையை நீட்டினாள். தரையில் எதுவும் விழவில்லை. ஆனாலும் ஜீவிதா சட்டென்று குனிந்து கட்டிலுக்கடியில் எதையோ தேடினாள். அம்மாவின் கை, டிரிப்ஸ் டியூபோடு, அப்படியே அந்தரத்தில் நின்றது.